தரங்கம்பாடி ஒருநாள் பயணம்: கோட்டையைக் கடைசியில் பாருங்கள்

வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்குவது, கோட்டை மேல் ஏறிக் கடல் தெரியப் படம் எடுப்பது, புதிய எருசலேம் ஆலயத்தில் ஒரு ஜெபம், மறுபடி பஸ். தரங்கம்பாடிக்கு வரும் பெரும்பாலான சபைக் குழுக்கள் இப்படித்தான் பார்க்கின்றன. அச்சகம், முதல் தமிழ் புதிய ஏற்பாடு, சீகன்பால்கு என்ற மூன்று சொற்களோடு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

இந்த மதிப்புரை வேறு ஒரு நோக்கத்தோடு வரும் குழுவுக்கு. அரசுக்கு எதுவரை கீழ்ப்படிவது, மனச்சாட்சிக்கு உரிமை எங்கிருந்து வருகிறது, வேறு வழியில் கும்பிடுகிறவரை எப்படி நடத்துவது என்று வாலிபர் ஐக்கியத்திலும் வேதபாட வகுப்பிலும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இதற்குப் பாடம் நடத்தக் காவிரி டெல்டாவில் தரங்கம்பாடியை மிஞ்சிய இடம் இல்லை. 1708இல் இங்கே மிஷனரி சீகன்பால்கைச் சிறையில் அடைத்த டேனிஷ் கோட்டைத் தலைவரும், அடைபட்ட அவரும் ஒரே விசுவாச அறிக்கையை ஒப்புக்கொண்ட லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டண்டுகள். அதனால் "அவர்கள் கெட்டவர்கள், நாம் நல்லவர்கள்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கேள்வியை நேராகத்தான் பார்த்தாக வேண்டும்.

ஆனால் ஊர் தானாகப் பேசாது. எந்த வரிசையில் பார்க்கிறோம், எந்த இடத்தில் எதைச் சொல்கிறோம் என்பதில்தான் பயணத்தின் பயன் இருக்கிறது.

போய்ச் சேர

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடிய பாதை. 1986இல் அது நின்றுபோனது. இப்போது பஸ் அல்லது வேன்தான். காரைக்காலிலிருந்து வந்தால் இன்னும் பக்கம். பெரிய பஸ்ஸை ஊர் நுழைவாயிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. உள்ளே எல்லாமே நடந்து பார்க்கக்கூடிய தூரம், வயதானவர்களுக்கும் சிரமம் இராது.

காலை எட்டரைக்கு வாயிலில் நிற்கும்படி கிளம்புங்கள். ஞாயிறு காலை வேண்டாம். சீயோன் ஆலயமும் புதிய எருசலேம் ஆலயமும் காட்சிப் பொருள்கள் அல்ல, ஆராதனை நடக்கும் சபைகள். முன்னது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, பின்னது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. வார நாளிலும் திறந்தே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு சபைக் குருமாருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியோடு காத்திருப்பார். கோட்டை அருங்காட்சியகம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதன் விடுமுறை நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்; கோட்டை பூட்டியிருந்தால் இந்தப் பயணத்தில் பாதி போய்விடும்.

ஒரு வழிகாட்டிக்கு 25 பேர் போதும். கோட்டை அறைகள் வளைவுக் கூரை கொண்டவை. அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் குரல் எதிரொலித்துப் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கையில் ஆளுக்கு ஒரு வேதாகமமும் ஒரு தாளும் இருக்கட்டும். தாளின் ஒரு பக்கம், லுத்தரன்களின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவு, மறுபக்கம் 28ஆம் பிரிவின் தொடக்கம். அரசு என்பது கடவுளின் நல்ல ஏற்பாடு, கிறிஸ்தவர் அதில் பதவி வகிக்கலாம், சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும். பாவம் செய்யச் சொல்லிக் கட்டளை வந்தால் மட்டும் மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிறது 16. ஆயருக்குரிய அதிகாரம் வேறு, வாளின் அதிகாரம் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்கிறது 28. இந்தத் தாள் இல்லாமல் வந்த குழு கோட்டைக்குள் நின்று வெறும் அனுதாபப் பேச்சுதான் பேசும்.

வரிசை

வாயில், சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், சீகன்பால்கு இல்லம், கடற்கரை, மாசிலாமணி நாதர் கோயில், கடைசியில் கோட்டை. எல்லாரும் கோட்டைக்குத்தான் முதலில் ஓடுவார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான். அப்படிப் போனால் சிறை என்ன வழக்குக்கு என்று தெரியாமலே சிறையைப் பார்த்ததாகிவிடும். வழக்கு முளைத்தது ஊருக்குள். அது முடிந்தது கோட்டையில். கால்களும் அந்த வழியிலேயே போகட்டும்.

நுழைவாயிலில் ஐந்து நிமிடம் போதும். இப்போது நிற்பது 1792இல் கட்டியது. அங்கே ஒரு செய்தியை மட்டும் பதிய வைத்துவிட்டு நகருங்கள்: 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் செய்து இந்த இடத்தைத் தந்ததால்தான் டேனிஷ்காரர் இங்கே கால் ஊன்றினார்கள். இரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அந்நியர் வந்து குடியிருக்கவும் தங்கள் தெய்வத்தைத் தங்கள் முறையில் தொழவும் இடம் கிடைத்தது ஓர் இந்து அரசரின் கையால். சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசப்போகும் கிறிஸ்தவக் குழு இந்தக் கடனை முதலில் ஒப்புக்கொண்டு உள்ளே போவது நியாயம்.

சீயோன் ஆலயம் (30 நிமிடம்)

1701இல் டேனிஷ்காரர் தங்களுக்காகக் கட்டிய ஆலயம். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூச்சாவும் 1706 ஜூலை 9இல் கரையிறங்கியபோது இது ஐந்து வயதுக் கட்டடம். அவர்களை அனுப்பியவர் மன்னர் நான்காம் பிரெடெரிக். ஊரை நடத்தியதோ டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. இந்த வேறுபாட்டை இங்கேயே, பொறுமையாக, விளக்கிவிடுங்கள். மிஷனரிகளின் கையில் இருந்தது மன்னரின் ஆணை. கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் பதில் சொல்ல வேண்டியிருந்தது கம்பெனி இயக்குநர்களுக்கு. வியாபாரம் அமைதியாக நடக்க வேண்டும், ஊரில் சமயக் கலகம் வரக் கூடாது என்பது கம்பெனியின் கவலை. "ராஜா அனுப்பியவரை ராஜாவின் ஆளே அடைத்தார்" என்று சுருக்கிச் சொல்லும் வழிகாட்டிகள் இந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு மேலிடம் இருந்தால் நடுவில் நிற்பவன் கதி என்ன என்பது கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் நடுவே அலைந்தவர்களுக்கு உடனே புரியும்.

1707 மே மாதம் இந்த ஆலயத்தில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஐவரும் டேனிஷ் எசமானர்களின் அடிமைகள். சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் குழு இதன் முன் கொஞ்ச நேரம் அமைதியாக நிற்க வேண்டும். கிறிஸ்துவுக்குள் அடிமையும் இல்லை, சுயாதீனனும் இல்லை என்று கலாத்தியர் 3இல் வாசிக்கிற அதே சபையில் எசமானும் அடிமையும் ஒரே கிறிஸ்துவின் பேரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆத்துமாவின் விடுதலையும் உடலின் விடுதலையும் வேறு வேறு என்று பிரித்து வைத்தால் எவ்வளவு வசதி, யாருக்கு வசதி? கேள்வியைக் கேட்டுவிட்டு பதிலைக் கோட்டைவரை தள்ளிப்போடுங்கள்.

வழக்கின் முதல் காட்சியும் இந்த ஆலயத்தோடு சேர்ந்ததே. ஒரு தமிழ் நாவிதர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே கடன் தகராறு. நாவிதரின் விதவை நியாயம் கேட்டு அலைந்தார். சீகன்பால்கு அவருக்காகத் திரும்பத் திரும்பத் தலையிட்டார். டேனிஷ் ஆலயத்திலேயே கோட்டைத் தலைவர் முன் மண்டியிட்டு முறையிடும்படியும் ஆலோசனை சொன்னார். ஆராதனைக்கு வந்த அதிகாரி முன்னால், சபையார் பார்க்க, ஒரு விதவை மண்டியிடுவது என்றால் என்ன என்பதை இடத்தில் நின்று நினைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். அது ஏழைக்குக் குரல் கொடுத்ததா, ஆலயத்தை நீதிமன்றமாக்கி அதிகாரியை நெருக்கியதா? 28ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்வது எளிது அல்ல. குழுவை இரண்டாகப் பிரித்து வாதிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

புதிய எருசலேம் ஆலயம் (25 நிமிடம்)

1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை ஆனது, சிலுவை வடிவக் கட்டடம். நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். அவரும் உடன் ஊழியர் கிருண்ட்லரும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். கல்லறையைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். வெளியே வந்து முகப்பை நிமிர்ந்து பாருங்கள்: அங்கே இருப்பது நான்காம் பிரெடெரிக் மன்னரின் முத்திரை.

ஆலயத்தின் நெற்றியில் அரசரின் பெயரெழுத்து ஏன் என்று பெரும்பாலோர் கேட்பதே இல்லை. டென்மார்க்கில் 1660 முதல் முழு முடியாட்சி. 1665ஆம் ஆண்டு அரச சட்டம் அவுக்ஸ்புர்க் விசுவாசத்தைக் காப்பதை மன்னரின் கடமையாக வைத்தது. அரசரே திருச்சபையின் காவலர். அந்தக் காவல்தான் சீகன்பால்கைக் காப்பாற்றியது, ஆலயத்துக்கும் துணை நின்றது. காவல் தருகிற கை எப்போது கழுத்தில் விழும் என்பது வேறு கேள்வி. அரசின் தயவில் வளர்ந்த சபை, அந்தத் தயவு இல்லாத பிற சமயத்தாரைப் பற்றி என்ன நினைத்தது என்று கேட்கவும் இதுவே இடம்.

சீகன்பால்கு இல்லம் (45 நிமிடம்)

2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடல் என்பதே அதன் பொருள். எல்லாரும் அச்சுப்பொறி முன்னால்தான் குவிவார்கள். குவியட்டும், புதிய ஏற்பாட்டுத் தமிழ் அச்சு 1714, 1715இல் நடந்த பெரும் வேலை. ஆனால் நம் பாடத்துக்கு வேண்டியது இரண்டு கையெழுத்து வேலைகள்.

முதலாவது, தமிழர்களுக்கு அனுப்பிய கேள்விகள். 1712 முதல் சில ஆண்டுகள், சமயம், வழக்கம், வாழ்க்கை பற்றி அறிந்த தமிழர்களிடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மிஷனுக்குத் துணை நின்ற ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். கிறிஸ்தவத்தைப் பற்றிய கடும் விமரிசனமும் அந்தப் பதில்களில் உண்டு. அதையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

இரண்டாவது, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த பெரிய நூல். ஹாலேயில் இருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பியவர்கள் அதைப் பரப்பக் கூடாது என்பது அவர் கருத்து. நூல் சென்னையில் 1867இல்தான் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டு! சீகன்பால்கு தமிழர் சமயம் தவறு என்றே நம்பினார், அதில் ஐயம் வேண்டாம். ஆனாலும் அதை அவர்கள் வாயாலேயே கேட்டு, சரியாக எழுத வேண்டும் என்றும் நம்பினார். சகிப்புத்தன்மை என்பது "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்வது என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இதைக் காட்டுங்கள். ஒத்துக்கொள்ளாதவரின் பேச்சைத் திரிக்காமல் எழுதி வைப்பதும் சகிப்புத்தன்மைதான். அது அதைவிடக் கடினம்.

நாயக வழிபாடாக இது மாறிவிடாமல் இருக்க இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1708இல் ஒரு டேனிஷ் சிப்பாய்க்கும் கிறிஸ்தவரல்லாத ஒரு பெண்ணுக்கும் பிறந்த குழந்தையைக் கத்தோலிக்கராக வளர்ப்பதா, புராட்டஸ்டண்டாக வளர்ப்பதா என்று வழக்கு வந்தது. சீகன்பால்கு கத்தோலிக்கர் பக்கம் போவதை எதிர்த்தார். தீர்ப்பு கத்தோலிக்கராக வளர்க்கலாம் என்று வந்தது. சக கிறிஸ்தவருக்குக் கொடுக்க மனமில்லாத உரிமை அது. கோட்டைத் தலைவரோடு மனக்கசப்பு முற்றியதற்கு இதுவும் காரணம்.

கடற்கரையும் கோயிலும்

கரையிறங்கிய இடத்து நினைவுக் கல்லை நடந்துகொண்டே பார்த்துவிடலாம். மாசிலாமணி நாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உச்சிக்கால நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, உள்ளே போக விரும்பாதவர்கள் வெளியே நின்றால் போதும். கோயில் வாசலில் கூட்டாகப் பாட்டுப் பாடுவதும் கைப்பிரதி கொடுப்பதும் வேண்டாம். சகிப்புத்தன்மை பாடத்துக்கு வந்த குழு அங்கே அந்தத் தவறைச் செய்தால் பாடமே பொய்யாகிவிடும்.

டேன்ஸ்போர்க் கோட்டை (ஒன்றரை மணி நேரம்)

அருங்காட்சியகத்தில் சீன ஜாடிகள், வாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு என்று பலதும் உண்டு. இருபது நிமிடம் கொடுத்து விடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் மனம் அதிலேயே நிற்கும். பிறகு எல்லாரையும் மேல்தள வளைவு அறைகளுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் இந்த மேல்தளத்தில்தான் கோட்டைத் தலைவரின் இருப்பிடமும், பாதிரியாரின் இருப்பிடமும், ஒரு சிற்றாலயமும் இருந்தன. வாளும் வேதமும் ஒரே கூரையின் கீழ், அடுத்தடுத்த அறையில். 28ஆம் பிரிவு பிரித்து வைத்ததைக் கட்டடம் சேர்த்து வைத்திருந்தது. இதைவிடத் தெளிவாக இந்தச் சிக்கலை எந்த வரைபடமும் காட்டாது.

இப்போது வழக்கின் முடிவைச் சொல்லுங்கள். விதவை விவகாரத்தில் சீகன்பால்கின் தலையீடு வரம்பு மீறியது என்று ஹாசியுஸ் ஆள் அனுப்பி வரச் சொன்னார். முறையான அழைப்பாணை இல்லாமல் வர முடியாது என்றார் சீகன்பால்கு. கைது செய்து கொண்டுவந்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். 1708 நவம்பர் 19 முதல் நான்கு மாதத்துக்குச் சற்று மேல் சிறை.

பெரும்பாலான குழுக்கள் இங்கே இரண்டு வசனங்களை எதிரெதிரே நிறுத்துகின்றன: கோட்டைத் தலைவருக்கு, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13; மிஷனரிக்கு, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படியச் சொல்லும் அப்போஸ்தலர் 5:29. வாதம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். காரணம், யாரும் சீகன்பால்கைப் பிரசங்கிக்காதே என்று சொல்லவில்லை. பாவம் செய்யும்படியும் கட்டளையிடவில்லை. ஆக 5:29 இந்த வழக்குக்கு நேராகப் பொருந்தாது. திறக்க வேண்டிய பக்கம் அப்போஸ்தலர் 16. பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். காலையில் ரகசியமாகப் போகச் சொன்னபோது, ரோமக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் அடித்தவர்களே நேரில் வந்து வெளியே விடட்டும் என்றார் பவுல். 22:25இலும் 25:11இலும் அதே போக்கு: சட்டம் எனக்குத் தந்திருக்கிற முறைப்படி என்னை நடத்து. பவுல் அதிகாரத்தை மறுக்கவில்லை, அது தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று கேட்டார். அதிகாரம் கடவுளிடமிருந்து வந்தது என்றால், அது வைத்திருப்பவனின் சொந்தச் சொத்து அல்ல. ஆகவே அதற்கு முறை உண்டு, எல்லை உண்டு, கணக்கும் உண்டு. ரோமர் 13ஐ அடிபணியும் பாட்டாக மட்டும் பாடுகிறவர்கள் விட்டுவிடும் பாதி இது.

முறையான அழைப்பாணை கேட்டதுவரை சீகன்பால்கு பவுலின் வழியில் நின்றார் என்பது எங்கள் கணிப்பு. விசாரணையில் வாய் திறக்க மறுத்ததற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. தன்னை விசாரித்த மன்றங்களில் பவுல் பேசினார். இதைக் குழு மறுக்கலாம், மறுப்பதுதான் நல்லது. விடுதலையைத் தீமைக்கு மறைவாக்காதீர்கள் என்கிற 1 பேதுரு 2:16ஐ அப்போது வாசியுங்கள்.

இன்றைக்குக் கொண்டுவர இரண்டு தீர்ப்புகள் போதும். 1986இல், தேசிய கீதத்தின்போது எழுந்து நின்று, மனச்சாட்சிக்காகப் பாடாமல் இருந்த கேரளப் பள்ளிப் பிள்ளைகளை வெளியேற்றியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். 2000இல், சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்தச் சமயமும் சொல்லவில்லை என்றது அதே நீதிமன்றம். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சி உரிமையைத் தருகிற அதே வரியில் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற வரம்புகளையும் வைக்கிறது. இரவு 10 மணிக்குமேல் கூம்பு ஒலிபெருக்கி கட்டும் நற்செய்திக் கூட்டங்களை நடத்துகிறவர்கள் முதல் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியல்ல.

எங்கே தவறுகிறது

நேரம்தான் முதல் எதிரி. வேளாங்கண்ணியோடு சேர்த்து ஒரே நாளில் திணித்தால் கோட்டையில் இருபது நிமிடம்தான் மிஞ்சும். வெயில் அடுத்தது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றரைக்குமேல் திறந்த முற்றத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் கோட்டைப் பேச்சை உள்ளறைக்கு வைக்கச் சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வண்டியையே நிறுத்திவிடும். ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பெரிய குழுவுக்கு ஒரே நேரத்தில் பரிமாறும் இடத்தை ஊரில் நம்பியிருக்க வேண்டாம்.

நேரம் இருந்தால் தஞ்சாவூர்

திரும்பும் வழி மயிலாடுதுறை. மாயூரத்தில் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், அரசு நீதிபதி, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். அதிகார நாற்காலியில் உட்கார்ந்த கிறிஸ்தவர் எப்படி இருக்கலாம் என்பதற்கு, வண்டியில் போகும்போதே சொல்லலாம்.

தஞ்சையில் சிவகங்கைப் பூங்கா அருகே 1779இல் எழுந்த, மிஷனரி சுவார்ட்ஸின் பெயர் தாங்கிய ஆலயம் இருக்கிறது. அரசின் வாக்கை நம்பாமல் ஊரைவிட்டுப் போன குடியானவர்கள், சுவார்ட்ஸ் பொறுப்பேற்றதை நம்பித் திரும்பினார்கள். தஞ்சை மன்னர் துளஜா சாகும்போது வளர்ப்பு மகன் சரபோஜியை அவரிடம் ஒப்படைத்தார். சுவார்ட்ஸ் அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார், காப்பாற்றினார். சரபோஜி இந்துவாகவே வளர்ந்து இந்துவாகவே அரசாண்டார். 1798இல் இறந்த ஆசானுக்காக அவர் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் செய்யச் சொன்ன பளிங்குச் சிற்பம் ஆலயத்துக்குள் இருக்கிறது: படுக்கையில் சுவார்ட்ஸ், பக்கத்தில் சரபோஜி. முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். வெளிச்சம் குறைவதற்குள், நாலு மணிக்கு முன் போய்விடுங்கள்.